எல்டனுக்கு நான் வாசித்துக் காட்டியது

எனக்கு வாசிக்கும் குரல் நன்றாக அமைந்திருக்கிறது என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் வேத வாசகம் வாசிக்கப் பெரும்பாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் அவசரப்பட மாட்டேன். வாயில் நுழையாத பெயர்களில் தடுமாற மாட்டேன். கடைசி வரிசையில் காது மந்தமாகி உட்கார்ந்திருப்பவர்கள்கூட என் வாசகம் மட்டும் புரிந்தது என்பார்கள். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நடந்ததை விளக்க இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் கணவர் எல்டன் வாவ்ராவுக்கு வாசிக்க வராது. முட்டாள் அல்ல. கூரை போடுவது அவர் தொழில். ஒரு கூரையைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தே எத்தனை கட்டு ஓடு வேண்டும் என்று சொல்லிவிடுவார், சொன்னது ஒன்றிரண்டுக்கு மேல் பிசகாது. ஆனால் அச்சடித்த தாளை நீட்டினால் அவர் முகம் இறுகிவிடும். எழுத்துகள் தானியக் கிடங்கு வாசலில் மேயும் குருவிகள் மாதிரி, கிட்டே போனால் எழுந்து பறந்துவிடுகின்றன என்பார். இந்த விஷயம் ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களிடம் கண்ணாடியை வண்டியிலேயே வைத்துவிட்டேன் என்பார். அவர் கண்ணாடி போடுபவரே அல்ல.

வெண்டல் ஸ்ட்ராக்கா எங்கள் ஊரில் காப்பீட்டு முகவர். எல்டனோடு ஒரே பள்ளியில் படித்து, ஒரே அணியில் கால்பந்து ஆடியவர். அந்த இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கள் சமையலறையில் உட்கார்ந்து நான் கசகசா வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே தள்ளியபடி பேச்சை ஆரம்பித்தார்.

"டேய் எல்டன், ஐம்பத்து மூணு வயசாச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு ஓணான் மாதிரி கூரை மேல திரியப் போற?"

"ஓணான் கீழ விழாதுடா."

"அதத்தான் நானும் சொல்றேன். உனக்கு ஓணான் கால் இல்ல. என் ஆபீசுக்கு வந்துடு. ஆலங்கட்டி விழுந்தா ஊர்ல ஒருத்தனும் நான் சொல்றத நம்ப மாட்டேங்கறான். நீ வாசல்ல நின்னு, 'ஆமாப்பா, இந்தக் கூரை போச்சு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா நம்புவான். எழுதற வேலையெல்லாம் ஆபீஸ்ல இருக்கற ஷெரில் பாத்துக்குவா."

"உரிமம் வேணுமேடா."

"ஒரு பரிட்சை. மாநிலம் வைக்கிறது. சொத்துக் காப்பீடு, விபத்துப் பொறுப்புக் காப்பீடு, ரெண்டுக்கும் சேத்து ஒரே உரிமம். நூத்துக்கு எழுபது எடுத்தாப் போதும். நானே எடுத்திருக்கேன், உனக்கு என்ன?"

எல்டன் சிரித்தார். வெண்டல் போன பிறகு என்னைப் பார்த்தார். "நான் வாசித்துக் காட்டுகிறேன்" என்று நானே சொன்னேன். இதை யாரும் மறந்துவிடக் கூடாது. உதவ முன்வந்தது நான்தான்.

தடிமனான புத்தகம். இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவோம். நான் வாசிப்பேன். எல்டன் கண்ணை மூடிக்கொண்டு, பெரிய கைகளை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு கேட்பார். அப்படிக் கேட்கும் ஒரு மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒவ்வொரு வாக்கியமும் அவருக்குள் போய் ஓர் இடத்தில் உட்காருவதை முகத்திலேயே காணலாம்.

எங்கள் கல்யாண வாழ்க்கை மோசமானது அல்ல. அவர் குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. காலையில் போவார், சாயங்காலம் தார் வாசனையோடு வருவார், சாப்பிடுவார், தொலைக்காட்சி முன்னால் நாற்காலியைச் சாய்த்து உறங்கிவிடுவார். நான் ஏதாவது சொன்னால் "ம்" என்பார். பிள்ளைகள் இல்லாத வீட்டில் ஒரு "ம்" எவ்வளவு தூரம் வரும் என்பது எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட மனிதர் இப்போது ஒவ்வொரு இரவும் இரண்டு மணி நேரம் என் குரலுக்கே காது கொடுத்துக்கொண்டிருந்தார். "மறுபடி சொல்லு ஆர்லிஸ்" என்பார். "மெதுவா" என்பார். ஒரு நாள், "உன் குரல்ல கேட்டா எல்லாம் சுலபமா இருக்கு" என்றார். இதைப் போன்ற ஒரு வார்த்தையை அதற்கு முன் அவர் என்னிடம் சொன்னதில்லை.

எதையும் அவர் தனக்குத் தெரிந்த ஒன்றோடு முடிச்சுப் போட்டுத்தான் மனத்தில் இருத்துவார். இடர் வேறு, அபாயம் வேறு என்பது அந்தப் புத்தகத்தின் முதல் பாடம். நஷ்டத்தை உண்டாக்குவது இடர். அந்த இடர் வர வழி பண்ணி வைப்பது அபாயம். தீ என்பது இடர். பட்டறை மூலையில் குவிந்து கிடக்கும் எண்ணெய்த் துணி அபாயம்.

"புரிஞ்சுது," என்றார் எல்டன். "விழறது இடர். கூரை மேல லைல் வாழைப்பழத் தோலைப் போட்டுட்டுப் போறது அபாயம்."

லைல் அவரிடம் வேலை செய்பவர்.

"லைல் பழமெல்லாம் சாப்பிடுவாரா?"

"இல்ல. அதனாலதான் இன்னும் உயிரோட இருக்கேன்."

இருவரும் சிரித்தோம். அந்தச் சமையலறையில் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது எப்போது கடைசியாக நடந்தது என்று அன்றைக்கு யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

முதல் தேர்வு பனிக்காலத்தின் நடுவில். அதில் என் பங்கு எதுவும் இல்லை. எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடிதான் வாசித்திருந்தேன். மருத்துவரிடம் சான்று வாங்கி, கேள்விகளைத் தனி அறையில் ஒருவர் வாசித்துக் காட்ட ஏற்பாடு செய்ததும் நான்தான். தேர்வு நடக்கும் லிங்கன் நகரத்துக்கு நான்தான் வண்டி ஓட்டிப் போனேன். தேர்வு மையத்தில் அவருடைய பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள், சட்டைக் கையை மடித்துக் காட்டச் சொன்னார்கள். ஒரு ஆணியும் பென்சில் துண்டும் கிடைத்தன. மூன்று மணி நேரம் கழித்து அறுபத்தாறோடு வெளியே வந்தார்.

"அந்தப் பொம்பள மூக்கால பேசறா," என்றார் வண்டியில். "நீ வாசிக்கற மாதிரி இல்ல. பாதி கேள்வி என்னன்னே விளங்கல."

"அடுத்த தடவை வந்துடும்."

"இன்னும் ரெண்டு மாசம் உன்னப் பாடாப் படுத்தணும் போல."

"பரவாயில்லை" என்றேன். சாலையின் இரு பக்கமும் அறுவடை முடிந்த சோளக்காடு பனி மூடிக் கிடந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு வெதுவெதுப்பு பரவியது. அதற்குப் பெயர் வைக்க நான் முயலவில்லை. இன்னும் இரண்டு மாதம் என்பது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

முதல் மாற்றம் நிஜமாகவே வாய் தவறி நடந்தது. காலி வீடு, ஆளில்லா வீடு என்று இரண்டு உண்டு. மனிதர்களும் இல்லை, சாமான்களும் இல்லையென்றால் அது காலி வீடு. சாமான்கள் இருந்து மனிதர்கள் மட்டும் வெளியே போயிருந்தால் ஆளில்லா வீடு. காலி வீடு இரண்டு மாதத்துக்கு மேல் அப்படியே கிடந்தால், எவனாவது ஜன்னலை உடைத்தாலும் சுவரை நாசம் பண்ணினாலும் கம்பெனி ஒன்றும் தராது. ஆளில்லா வீட்டுக்கு அந்தத் தடை கிடையாது. அன்றைக்கு எனக்குத் தலைவலி. இரண்டையும் மாற்றி வாசித்துவிட்டேன்.

எல்டன் கண்ணைத் திறந்தார். "அப்படியா? போன தடவை வேற மாதிரி சொன்னியே. நான் ஞாபகம் வெச்சிருந்தது, காலி வீடுன்னா விவாகரத்துக்கு அப்புறம் என் தம்பி வீடு. அவனும் கிளம்பிட்டான், உக்கார ஒரு முக்காலியும் கிடையாது. ஆளில்லா வீடுன்னா நாம பூசைக்குப் போனப்போ நம்ம வீடு."

சரியாகத்தான் சொன்னார். அதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது. திருத்துவதற்கு நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"இல்லை எல்டன். நீ தலைகீழாக வைத்திருக்கிறாய். சட்டத்தில் பெயர் அப்படித்தான்."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இந்த மண்டையில ஒண்ணும் ஏற மாட்டேங்குது பாரு. அதான் ஃபெயிலு. சரி, மாத்திக்கறேன். நாம பூசைக்குப் போன வீடு காலி வீடு. தம்பி வீடு ஆளில்லா வீடு." கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்து அசைத்து, தான் சரியாகக் கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்து வேறு மாதிரி கட்டினார். அதற்குச் சற்று நேரம் பிடித்தது. நான் பொறுமையாகக் காத்திருந்தேன்.

அதன் பிறகு செய்தவை வாய் தவறி நடந்தவை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் சொல்லப் போவதில்லை. ஏழெட்டு இடங்கள்தான். எல்லாம் இரட்டைகள், ஒன்றின் இடத்தில் மற்றொன்று. இடரையும் அபாயத்தையும் விட்டுவைத்தேன், அது அவருக்கு நன்றாகப் பதிந்துவிட்டது. கூரை சம்பந்தப்பட்ட எதிலும் கை வைக்கவில்லை, வைத்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார். புத்தகத்தில் ஏமாற்றும் நோக்கத்தால் வரும் அபாயம், அசட்டையால் வரும் அபாயம் என்று இரண்டு வரும். அதை மாற்றினேன். ரத்து செய்வதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, புதுப்பிக்க மறுப்பதற்கு எத்தனை நாள் என்பதை மாற்றினேன். அதிகமாக மாற்றக் கூடாது. ரொம்பக் குறைந்த மதிப்பெண் வாங்கினால் மனம் விட்டுப் போய் படிப்பையே நிறுத்திவிடுவார். அவர் மனம் உடையக் கூடாது என்பதில் நான் கடைசிவரை கவனமாக இருந்தேன்.

இதற்காக நான் பகலில் தனியாகப் படிக்க வேண்டியிருந்தது. ஒன்றைத் தவறாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் சரியானது ஐயமறத் தெரிந்திருக்க வேண்டும். அந்த உழைப்பைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மார்ச்சில் அவருக்குத் தலைசுற்றல் வந்தது. உள்காதில் ஏதோ கோளாறு. மருத்துவர் என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார்: மாத்திரை கொடுக்கிறேன், ஆனால் அது எப்போது வரும் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆகவே இனி ஏணி கூடாது.

"ஏணி இல்லாம கூரைக்கு எப்படிப் போறது டாக்டர், பறந்தா?" என்றார் எல்டன்.

"போகாமல் இருப்பது."

வெளியே வந்ததும் எல்டன் என் தோளில் கை போட்டுக்கொண்டார். "இந்தத் தடவை பாஸ் பண்ணிடுவேன். ஆலங்கட்டி வர்றதுக்குள்ள ஏணியெல்லாம் லைல் தலையில கட்டிட்டு வெண்டல் ஆபீஸ்ல போய்க் கால் மேல கால் போட்டு உக்காந்துக்கறேன். சரிதானே டீச்சர்?"

"சரி" என்றேன்.

அன்று இரவும் வாசித்தோம். மாற்றி வாசித்திருந்த எதையும் நான் திருத்தவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். அவர் அந்தப் பனிக்காலத்தில்தான் ஒரு முழு மனிதராக இருந்தார் என்பது என் பதில். வெண்டலின் அலுவலகத்துக்குப் போனால் நாள் முழுக்கப் பேசிவிட்டு, வாய் ஓய்ந்து வீட்டுக்கு வருவார், நாற்காலியைச் சாய்ப்பார். எனக்குக் கிடைப்பது மறுபடி அந்த "ம்" தான். தலைசுற்றலைப் பொறுத்தவரை, மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுத்துவந்தேன்.

அந்த மாதக் கடைசியில் இரண்டாம் தேர்வு. அறுபத்தேழு. எந்தெந்தப் பாடத்தில் பலவீனம் என்று குறித்து மையத்தில் ஒரு தாள் தருவார்கள். அதை வண்டியில் வைத்து நான்தான் வாசித்தேன். அவருக்கு எது நன்றாக வந்திருந்ததோ அதைப் பலவீனம் என்று சொன்னேன். பாவம், அதையே போட்டு அடுத்த ஒரு மாதம் உருப்போட்டார்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஊர் நடுவிலிருக்கும் காப்பிக் கடையில் எல்டனும் நானும் வெண்டலும். வெண்டல் முட்டையை ரொட்டியால் துடைத்துத் தின்றபடி எல்டனைச் சோதித்தார்.

"சொல்லு பாப்போம். ஒரு பண்ணை வீடு. குடும்பமே ஒமாஹாவுக்குக் குடி போயிடுச்சு. கட்டில், அடுப்பு, திரைச்சீலை, எல்லாத்தயும் வழிச்சுத் துடைச்சு எடுத்துட்டுப் போயாச்சு. மூணு மாசம் ஆச்சு. பசங்க கல்லெறிஞ்சு ஜன்னல உடைச்சுட்டாங்க. பணம் உண்டா?"

"உண்டு," என்றார் எல்டன், யோசிக்காமல். "அது ஆளில்லா வீடுதானே. காலி வீடுன்னாத்தான் கிடையாது."

வெண்டல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "டேய், தலைகீழாச் சொல்ற. சாமான் கூட இல்லேன்னா அதுதான்டா காலி வீடு. இந்த ஊர்ல பாதிப் பேருக்கு நான் இதுக்காகவே இல்லைன்னு சொல்லித் திட்டு வாங்கியிருக்கேன்."

"நீ புத்தகத்தத் தொட்டு முப்பது வருஷமாச்சு. நாங்க நேத்து ராத்திரி தொட்டோம்."

"இதுக்குப் புத்தகம் எதுக்கு? காலின்னா காலி."

"ஆர்லிஸ், நீயே சொல்லு இவனுக்கு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வெண்டலின் மீசையில் முட்டை ஒட்டியிருந்தது. நான் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வார்த்தை போதும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மே மாதம் தேர்வு, ஜூனில் ஆலங்கட்டி, மருத்துவர் சொன்னது, எல்லாம் தெரியும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒரு கேள்வி வரும். நேற்று இரவு ஏன் அப்படி வாசித்தாய் என்று எல்டன் கேட்பார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார்.

"எல்டன் சொல்வதுதான் சரி, வெண்டல். புதுப் பதிப்பில் மாற்றிவிட்டார்கள்."

காப்பீட்டுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பயமுறுத்தும் சொல் கிடையாது. வருஷா வருஷம் ஏதாவது படிவம் மாறும், ஏதாவது விதி மாறும். எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்ற கவலையிலேயே அவர்கள் காலம் போகும். வெண்டல் முகம் சற்றே வெளுத்தது. "அப்படியா? சுற்றறிக்கை வந்திருக்கும், ஷெரில் எங்கயாவது சொருகி வெச்சிருப்பா," என்று முணுமுணுத்துவிட்டு முட்டைக்குத் திரும்பினார்.

"பாத்தியா," என்றார் எல்டன். "என் பொண்டாட்டி வாசிச்சா தப்பு வராதுடா. பூசையில கேட்டிருக்கேல்ல?"

மேசைக்கு அடியில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். ஆணி அடித்து அடித்துக் காய்ப்பேறிய கை. நான் அதை விலக்கிக்கொள்ளவில்லை. வெண்டல் பிறகு போய்த் தேடிப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருந்தாலும் கேட்கவில்லை. நண்பனின் மனைவியைப் போய் யார் கேட்பார்கள்.

மே மாதத் தேர்வில் அறுபத்தொன்பது. அந்த ஒரு மதிப்பெண்ணைப் பற்றி எல்டன் வழி முழுக்கப் பேசினார். "பண்ணை வீடு கேள்வி வந்துச்சு ஆர்லிஸ். அது மட்டும் நான் அடிச்சுச் சொல்லுவேன், சரியாப் போட்டேன். வேற எங்கயோதான் போயிருக்கு." நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். நான்காம் தடவைக்கு எல்லாவற்றையும் சரியாக வாசிப்பது என்று முடிவெடுத்திருந்தேன். இலையுதிர்காலத்துக்குள் அவர் வெண்டல் அலுவலகத்தில் இருப்பார் என்று நிச்சயித்திருந்தேன். இதை அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன். அவசரம் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் முதல் வாரத்தில் ஆலங்கட்டி மழை அடித்தது. கோழிமுட்டை அளவு. ஊரில் ஒரு கூரை தப்பவில்லை. மறுநாள் விடிந்ததிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. வெண்டலும் கூப்பிட்டார், உரிமம் இல்லாமல் உன்னை எங்கேயும் அனுப்ப முடியாதேடா என்று வருத்தப்பட்டார். எல்டன் ஏணிகளை வண்டியில் ஏற்றினார்.

"மாத்திரை போட்டுக்கொண்டாயா?"

"போட்டாச்சு. மேல லைல்தான் ஏறுவான். நான் கீழ நின்னு கத்தறேன்."

"சாயங்காலம் சீக்கிரம் வா. பொறுப்புக் காப்பீட்டுப் பாடம் பாக்கி இருக்கிறது."

"வந்துடறேன் டீச்சர்."

அன்றைய முதல் வேலை எங்கள் பங்குச் சாமியார் வீட்டுக் கூரை. காலைப் பனித்துளியில் ஓடு வழுக்கலாக இருந்தது. லைல் தார்ப்பாயை விரிக்கும்போது ஒரு முனை காற்றில் எழும்ப, அதைப் பிடிக்க எல்டன் மேலே ஏறியிருக்கிறார். உச்சியில் போய் நிமிர்ந்து நின்றவர், ஏதோ கேட்டதைப் போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்தார் என்றும், கண்ணை மூடிக்கொண்டார் என்றும் லைல் சொன்னார். அப்படியே சரிந்துவிட்டார். சாமியார் ஓடிவந்து, உயிர் பிரியுமுன் கொடுக்கும் எண்ணெய்ப் பூசுதலைக் கொடுத்தார். அந்தப் பேறு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

லைல் எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றபோது தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார். "நான்தான் ஆர்லிஸ். நான்தான் அந்த முனையை விட்டேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "உங்கள் தவறு இல்லை" என்று அவருக்கு நான் ஆறுதல் சொன்னேன். அதை மனமார நம்பித்தான் சொன்னேன்.

காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். வாக்குமூலத்தைப் பதிவு செய்யலாமா என்று முறைப்படி கேட்டார். காலணி என்ன, கயிறு கட்டியிருந்தாரா, முந்தைய நாள் குடித்திருந்தாரா, உடல்நலம் எப்படி. காதுக் கோளாறைப் பற்றிச் சொன்னேன், மாத்திரையைக் காட்டினேன், எதையும் மறைக்கவில்லை. அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. ஆறு மாதத்தில் மூன்று தடவை ஏன் தேர்வில் தோற்றார் என்று அவர் கேட்கவில்லை. அவருடைய பட்டியலில் அது இல்லை போலும்.

நானே அவருக்காக அதை யோசித்துப் பார்த்தேன். புத்தகத்தில் உடனடிக் காரணம் என்று ஓர் அத்தியாயம் உண்டு. ஒரு செயலுக்கும் நஷ்டத்துக்கும் நடுவே சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். நடுவில் வேறொன்று புகுந்துவிட்டால் முதல் ஆள் பொறுப்பல்ல. இங்கே எத்தனையோ புகுந்தன. ஆலங்கட்டி கடவுள் செயல். காலைப் பனித்துளியும் அப்படியே. காது அவருடையது. மேலே ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஏறியதும் அவரேதான். லைலின் கை வேறு. இந்தப் பக்கத்து விடையை நான் பல முறை போட்டுப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

அடக்கத்துக்குப் பிறகு கோயில் கீழ்த்தளத்தில் பன்றி இறைச்சி ரொட்டியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சாப்பாடு. வெண்டல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

"ஒரு மார்க்கு ஆர்லிஸ். ஒரே ஒரு மார்க்கு. அவனுக்குன்னு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தேன்."

"தெரியும் வெண்டல்."

"இனி அதுல யாரை உக்கார வைக்க?"

ஆகஸ்டில் நான் போய் எழுதினேன். தொண்ணூற்று நான்கு. பண்ணை வீட்டுக் கேள்வி எனக்கும் வந்தது, வேறு ஊர்ப் பெயரில். கணவருடைய கனவை நிறைவேற்றிவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சாமியார் பிரசங்கத்தில்கூடப் பெயர் சொல்லாமல் குறிப்பிட்டார். இப்போது வெண்டலின் அலுவலகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். மக்கள் என்னை நம்புகிறார்கள். படிவத்தை அவர்களிடம் நீட்டி வாசித்துப் பாருங்கள் என்று சொன்னால், நீங்களே வாசித்துச் சொல்லிவிடுங்களேன் என்கிறார்கள். சொல்கிறேன். ஒரு எழுத்து பிசகாமல்.

ஆக, நான் செய்தது இதுதான். என் கணவர் தோற்க வேண்டும் என்று திட்டமிட்டு அவருக்குத் தவறாக வாசித்தேன். அவர் ஏணி ஏறக் கூடாது என்று தெரிந்தே செய்தேன். ஒன்று சேர்த்துச் சொன்னால் கேட்பதற்கு நன்றாக இல்லை. ஆனால் எங்கள் இருபத்தாறு வருடத்தில் அவர் மகிழ்ச்சியாக இருந்தது அந்த ஏழெட்டு மாதம்தான், அதைக் கொடுத்தது நான்தான் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். மற்றபடி அது முடிந்துபோன விஷயம். அப்படி ஒன்றைச் செய்யத் தூண்டிய நிலைமை இனி என் வாழ்க்கையில் வராது.

வீடு இப்போது முன்போல அவ்வளவு நிசப்தமாக இல்லை. எல்டன் போனதிலிருந்து லைலுக்கு ஏணியில் கால் வைத்தால் நடுங்குகிறது. மனைவி விட்டுப் போய் வருடங்கள் ஆன மனிதர், வேறு பிழைப்பும் தெரியாது. அக்டோபரில் ஒரு நாள் வாசலில் வந்து நின்றார்.

"நானும் அந்தப் பரிட்சை எழுதலாம்னு பாக்கறேன் ஆர்லிஸ். வெண்டல் ஆள் வேணும்னு சொல்றாரு. நானா படிச்சா ரெண்டாம் பக்கத்துலயே தூங்கிடறேன். நீங்க வாசிச்சா எல்லாம் சுலபமா இருக்கும்னு எல்டன் சொல்லிட்டே இருப்பாரு."

செவ்வாயும் வியாழனும் வருகிறார். வரும்போது ஏதாவது வாங்கி வருகிறார். நான் மாட்டிறைச்சியை வேக வைத்து வைக்கிறேன். சாப்பிட்டுவிட்டுக் கையை மேசைமேல் வைத்துக்கொண்டு நன்றாகக் கேட்கிறார். நல்ல மனிதர், நல்ல மூளை. எப்போது தேர்வுக்கு அனுப்பலாம் என்று நேற்று வெண்டல் விசாரித்தார். லைலுக்கு அடிப்படையில் சில விஷயங்கள் இன்னும் குழப்பமாக இருக்கின்றன, ஒரு வருடமாவது ஆகும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.